டி1-6 அறையை எட்டாத தகவல்

1994 நவம்பர் 28ஆம் நாள், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள செம்ஸ்ஃபோர்டு சிறையில், டி1-6 என்ற எண்ணிட்ட அறையில் இரண்டு விசாரணைக் கைதிகள் ஒன்றாக அடைக்கப்பட்டனர். ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு குற்றச்சாட்டுகளின்பேரில் கைதானவர்கள். இருவரிடமும் மனநோயின் அறிகுறிகள் இருப்பதை அந்த இரவுக்கு முன்பே மருத்துவர்களோ சமூகப் பணியாளரோ காவலர்களோ கவனித்திருந்தார்கள். மறுநாள் விடியுமுன் ஒருவர் மற்றவரால் உதைத்தும் மிதித்தும் கொல்லப்பட்டிருந்தார். இறந்தவர் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸ், வயது 30.

அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2002 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்தது. காவலில் உள்ளவரின் உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு எந்த அளவுக்கு உண்டு என்ற கேள்விக்காகவே அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிறது. இந்த ஆய்வு அதை வேறொரு நோக்கில் படிக்க முயல்கிறது: மருத்துவம் அறிந்தவர்களிடம் இருந்த செய்தி, சாவியைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஏன் போய்ச் சேரவில்லை என்பதே இங்குள்ள கேள்வி. அந்தத் தகவலில் எதுவும் இரகசியம் இல்லை. அதை யாரும் வேண்டுமென்று மறைக்கவும் இல்லை. அதனால்தான் இந்த வழக்கு இன்னும் படிக்கத்தக்கதாக இருக்கிறது.

கிறிஸ்டோபர் வந்த வழி

1991ஆம் ஆண்டிலேயே கிறிஸ்டோபருக்கு மனச்சிதைவு நோய் இருக்கலாம் என்று உறுதிப்படுத்தாத அளவில் ஒரு கணிப்பு இருந்தது. 1994 நவம்பர் 27 அன்று கோல்செஸ்டர் நகரத் தெருவில் இளம்பெண்களை வழிமறித்துத் தகாத முறையில் பேசியதற்காக அவர் கைது செய்யப்பட்டார். காவல் நிலையத்தில் அவருடைய நடத்தையைப் பார்த்த அதிகாரிகளுக்கு ஐயம் எழுந்ததால் சமூகப் பணியாளர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் கிறிஸ்டோபரிடம் பேசிவிட்டு, மனநல மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் கலந்தாலோசித்தார். மனச்சிதைவு உருவாகி வருவதற்கான சில அடையாளங்கள் தென்பட்டாலும், அவசர மருத்துவ உதவி தேவையில்லை, காவலில் வைப்பதற்கு ஏற்ற நிலையிலேயே இருக்கிறார் என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். மருத்துவர் எவரும் காவல் நிலையத்துக்கு நேரில் வந்து அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது அவர் கொந்தளிப்பான நிலையில் இருந்தார். கதவை ஓங்கித் தட்டினார், ஆபாசமாகக் கத்தினார். நடுவர்கள் அதைக் கவனிக்காமல் இல்லை. மருத்துவமனைக்கு அனுப்பும் அதிகாரம் அந்தக் கட்டத்தில் தங்களுக்கு இல்லை என்று கருதிய அவர்கள், மனநலம் அறிந்தவர்களின் உதவியோடு மீண்டும் விசாரிக்க ஏதுவாக மூன்று நாள் காவலில் வைக்க உத்தரவிட்டார்கள். ஆக, அந்த மூன்று நாளின் நோக்கம் உதவி பெறுவதுதான். ஆனால் சிறைக்குப் போன தாளில் நோக்கம் இல்லை. உத்தரவு மட்டுமே இருந்தது. மனநலக் கோளாறு இருக்கலாம் என்று தெரிவிக்கும் படிவம் நிரப்பப்படவில்லை. சிறைவாசலில் அந்தத் தாளை வாங்கிப் படித்தவருக்கு, அன்று வந்த மற்ற விசாரணைக் கைதிகளிலிருந்து கிறிஸ்டோபரைப் பிரித்துக்காட்ட எதுவும் இல்லை.

இதற்கிடையே பெற்றோர் சும்மா இருக்கவில்லை. மகனின் மனநிலை குறித்து அதிகாரிகளிடம் சொன்னார்கள். நீதிமன்றத்தின் நன்னடத்தை அலுவலருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. காவலர் ஒருவரும் தம் கவலையைத் தெரிவித்திருந்தார். இவை மூன்றும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை. வாய்மொழியாக வந்த அந்தச் செய்திகள் சிறை நிர்வாகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதைப் பின்னர் நீதிமன்றம் தனியாகக் குறிப்பிட்டது. தாயோ தகப்பனோ ஒரு கைதியைப் பற்றிச் சொல்வதை ‘வீட்டார் புலம்பல்’ என்ற கணக்கில் சேர்த்துவிடும் பழக்கம் எந்த நாட்டு அலுவலகத்துக்கும் புதிதல்ல. ஆனால் நோயாளியோடு பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவர்கள் அவர்கள் மட்டுமே. அன்று அவரைப் பார்த்த மற்ற அனைவரும் சில மணி நேரப் பழக்கக்காரர்கள்.

இரண்டாமவர் வந்த வழி

அறைக்குள் பின்னர் அனுப்பப்பட்டவரின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது; இங்கே அது தேவையில்லை. அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. வன்முறை வரலாறும் இருந்தது; கட்டாயமாக மருத்துவமனையில் அனுமதிக்கலாம் என்று முன்மொழியும் அளவுக்கு அது கடுமையானதாக இருந்தது. கிறிஸ்டோபர் கைதாவதற்கு முந்தைய நாள், அதாவது நவம்பர் 26 அன்று, மால்டன் என்ற ஊரில் தம் தோழியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் தாக்கியதற்காக அவர் பிடிபட்டார். காவல்துறை மருத்துவர் அவரைப் பரிசோதித்து, மனநலப் பிரிவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினார். காவலில் வைக்கத் தக்கவர் என்றே இங்கும் முடிவானது.

தொலைபேசியின் மறுமுனையில் இருந்த மருத்துவர் நோயாளியின் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்க்கவில்லை. முழுச் சித்திரமும் அந்தக் குறிப்பேட்டில்தான் இருந்தது. காவல் நிலையத்தில் அவருடைய விசித்திரமான, மூர்க்கமான நடத்தை தொடர்ந்தது; ஆனால் அது போதையின் விளைவாகவும், வழக்கிலிருந்து தப்ப வேண்டுமென்றே ஆடும் நாடகமாகவும் கொள்ளப்பட்டது. ‘நடிக்கிறான்’ என்ற சொல் காவல் பணியில் எளிதாக வரும் சொல். அதில் உண்மை இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதால்தான் அது ஆபத்தானது: ஒருவர் நடிக்கிறார் என்று முடிவு கட்டிய பிறகு, அவர் அதற்கடுத்துச் செய்யும் ஒவ்வொன்றும் நோயின் அறிகுறியாகப் பதிவாகாமல் நடிப்பின் தொடர்ச்சியாகவே எண்ணப்படும்.

விதிவிலக்கான ஆபத்து உள்ள கைதி என்று சிறைக்கு எச்சரிக்கை தர அன்றைய காவல்துறையிடம் ‘சி.ஐ.டி. 2’ என்ற படிவம் இருந்தது. இரண்டாமவருக்கு அது நிரப்பப்படவில்லை. கிறிஸ்டோபருக்கும் நிரப்பப்படவில்லை. காவல்துறையோ வழக்கு நடத்தும் அரசுத் தரப்போ நடுவர் மன்றமோ வேறு எந்த வழியிலும் சிறைக்குச் சொல்லவும் இல்லை.

சிறைவாசல்

சிறைக்கு வரும் புதியவரை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் பார்த்து, பொது அறையில் வைக்கலாமா, சிறையின் மருத்துவ மையத்தில் வைக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் நடைமுறை அங்கே இருந்தது. இதற்கு முன் நடந்த பிசகுகளையெல்லாம் நிறுத்தியிருக்கக்கூடிய கடைசி இடம் அதுதான். அன்று இருவரையும் பரிசோதித்தவர் ஒரே ஊழியர். கிறிஸ்டோபரை மருத்துவ மையத்துக்கு அனுப்ப அவர் காரணம் காணவில்லை; கிறிஸ்டோபர் தனியாக டி1-6இல் வைக்கப்பட்டார். இரண்டாமவர் வந்தபோதும் விசித்திரமாக எதுவும் தென்படவில்லை என்று பதிவானது. மற்ற அறைகளில் ஏற்கெனவே இருவர் இருவராக இருந்தார்கள். ஒருவர் மட்டும் இருந்த அறைக்குள் அவர் அனுப்பப்பட்டார். அறை ஒதுக்கீட்டைத் தீர்மானித்தது இடப் பற்றாக்குறைதான்.

அந்த ஊழியர்மீது பழியை இறக்கிவிடுவது எளிது. தீர்ப்பு அப்படிச் செய்யவில்லை. அது சரி என்றே எனக்குப் படுகிறது. பரிசோதனை சுருக்கமாகவும் மேலோட்டமாகவும் இருந்தது என்று நீதிமன்றம் சொன்னது. கூடவே, அவருக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்று, இந்த மரணத்தை ஆராயப் பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு கண்டதையும், ஐயம் வந்தால் கேட்பதற்கு மருத்துவர் எவரும் அங்கே இல்லாததையும் சேர்த்தே சொன்னது. கையில் எச்சரிக்கைப் படிவம் இல்லை, பழைய குறிப்பேடு இல்லை, கேட்க ஆள் இல்லை. சில நிமிடம் அமைதியாக எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை மட்டும் வைத்து அவருடைய பழைய வரலாற்றை ஊகிக்கும்படி அந்த ஊழியரிடம் எதிர்பார்க்கப்பட்டது.

பச்சை விளக்கு

அறைக்குள் இருக்கும் கைதி அழைப்புப் பொத்தானை அழுத்தினால் கதவுக்கு வெளியே பச்சை விளக்கு எரியும். கூடவே மணி தொடர்ந்து ஒலிக்கும். இரவு ஒன்பது மணி அளவில் டி1-6இல் இருந்த இருவரில் ஒருவர் பொத்தானை அழுத்தினார். காவலர் பச்சை விளக்கைப் பார்த்து வந்தார். அறையின் விளக்குகளில் ஒன்றை அணைக்க வேண்டும் என்றார்கள். அதற்கான சுவிட்ச் வெளியே இருந்தது. அணைத்தார். உள்ளே இருந்த இருவரும் ஒத்துப்போவதாகவே அவருக்குத் தோன்றியது. விளக்கு எரிந்தாலும் மணி ஒலிக்கவில்லை என்பதையும் அவர் கவனித்தார். ஆனால் அந்தக் கோளாறு எவருக்கும் தெரிவிக்கப்படவில்லை.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சற்று முன், காவலர் ஒருவர் மணி ஒலிப்பதைக் கேட்டார்; எந்த அறை என்று தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து ஏதோ ஒரு கதவு விடாமல் தட்டப்படும் ஓசை கேட்டுப் போய்ப் பார்த்தார். டி1-6க்கு வெளியே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவின் துளை வழியே பார்த்தபோது, இரண்டாமவர் இரத்தம் தோய்ந்த பிளாஸ்டிக் முள்கரண்டி ஒன்றைப் பிடித்தபடி நின்றார். தரையிலும் அவருடைய கால்களிலும் இரத்தம். காவலர்கள் பாதுகாப்பு உடை அணிந்து உள்ளே போக ஐந்து நிமிடம் ஆனது. கிறிஸ்டோபர் இறந்திருந்தார். மற்றவர் தம்மைப் பேய்கள் பிடித்திருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணியின் கோளாறு தனி விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அது முன்னர் நடந்தவற்றின் சிறு பிரதியாகவே தெரிகிறது. ஒருவர் ஒரு குறையைத் தம் கண்ணாலேயே பார்க்கிறார். அந்த நேரத்து வேலை முடிந்துவிடுகிறது, விளக்கை அணைத்தாயிற்று. பார்த்தது பார்த்தவரோடு நின்றுவிடுகிறது. மனநலப் பிரிவின் குறிப்பேட்டுக்கும், பெற்றோரின் எச்சரிக்கைக்கும் நேர்ந்தது இதுதான்.

‘காவலில் வைக்கத் தக்கவர்’

இந்த வழக்கில் இரண்டு கைதிகளுக்கும் பொதுவாக, கையிலிருந்து கைக்கு மாறி வந்த மருத்துவக் கருத்து ஒன்றே ஒன்றுதான்: காவலில் வைக்கத் தக்கவர். அந்தச் சொற்றொடர் எந்தக் கேள்விக்கான விடை என்பதைப் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில், இன்று இரவு இவரை இங்கே வைத்திருந்தால் இவருடைய உடல்நிலைக்கு ஆபத்து வருமா, உடனடியாக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்ற கேள்விக்கு மருத்துவர் தரும் விடை அது. காவல் நிலையத்து அறையில் ஆள் தனியாக இருப்பார். கண்காணிப்பும் அருகிலேயே இருக்கும். அதே ஆளை இரவு முழுவதும் பூட்டிய அறையில், முன்பின் தெரியாத இன்னொருவரோடு வைக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அந்தக் கேள்வியை மருத்துவரிடம் யாரும் கேட்கவில்லை. மருத்துவரும் தாமாகச் சொல்லவில்லை. முதல் கேள்வியின் விடை, இரண்டாவது கேள்விக்கும் சேர்த்துத் தரப்பட்ட விடைபோல அடுத்தடுத்த மேசைகளில் படிக்கப்பட்டது.

மருத்துவப் பணியாளருக்கும் சிறைப் பணியாளருக்கும் இடையிலான பேச்சில் இந்தப் பிசகு அடிக்கடி நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவரின் சிந்தனை காரணங்களோடு நடக்கிறது: இன்ன அறிகுறி இருக்கிறது, இன்னது இல்லை, ஆகவே இப்போதைக்கு இது போதும். சிறையின் நடைமுறைக்கு வேண்டியது ஒற்றைச் சொல் முடிவு: உள்ளே விடலாமா, கூடாதா. கைமாறும் இடத்தில் காரணங்கள் உதிர்ந்துவிடுகின்றன. முடிவு மட்டும் பயணம் செய்கிறது. ‘இப்போதைக்கு’ என்ற சொல்தான் முதலில் உதிர்கிறது.

நிரப்பாத படிவத்துக்கும் ஒரு பொருள் உண்டாகிவிடுகிறது. எச்சரிக்கைப் படிவம் வரவில்லை என்றால், ஆபத்து இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை என்பதும் அதற்குப் பொருளாக இருக்கலாம். பார்த்தார்கள், ஆபத்து இல்லை என்பதும் பொருளாக இருக்கலாம். வேலை மிகுந்த மாலையில், வண்டி வண்டியாக நீதிமன்றங்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கும் நேரத்தில், சிறைவாசல் எப்போதும் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆபத்து உண்டு என்றால் மட்டும் அனுப்பும் படிவத்தைவிட, ஆபத்து இல்லை என்றாலும் ‘பார்த்தேன், இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டிய படிவமே பாதுகாப்பானது. வெற்றுத்தாள் யாருடைய கையொப்பத்தையும் கேட்பதில்லை.

மருத்துவ இரகசியம் என்ற வாதம் இங்கே எழக்கூடும். நோயாளியின் வரலாற்றைச் சிறைக் காவலரிடம் சொல்வது எப்படித் தகும் என்று மருத்துவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காவலருக்கு நோயின் பெயர் தேவையில்லை. மாத்திரையின் பெயரும் தேவையில்லை. இவரை வேறொருவரோடு அடைக்கக் கூடாது, இவரை இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், இன்ன நடத்தையைக் கண்டால் இன்னாரை எழுப்ப வேண்டும் என்ற மூன்று வாக்கியங்கள் போதும். நோயின் விவரம் மருத்துவப் பிரிவிலேயே இருக்கட்டும். அதிலிருந்து பிறக்கும் அறிவுறுத்தல் மட்டும் அறைக் கதவுக்குப் போனால் யாருடைய இரகசியமும் கெடாது. டி1-6 விவகாரத்தில் விவரமும் போகவில்லை, அறிவுறுத்தலும் போகவில்லை.

இதே குறை செம்ஸ்ஃபோர்டோடு முடியவில்லை. 2000 மார்ச் 21 அன்று, மேற்கு லண்டனிலுள்ள ஃபெல்த்தம் இளைஞர் சிறையில், விடுதலையாக வேண்டிய நாளின் அதிகாலையில் ஸாஹித் முபாரக் என்ற 19 வயது இளைஞர் அறைத்தோழரால் மேசைக் காலால் தாக்கப்பட்டு, ஒரு வாரம் கழித்து இறந்தார். தாக்கியவரிடம் ஆளுமைக் கோளாறு இருப்பதாக வேறொரு சிறையில் மனநலச் செவிலியர் ஒருவர் முன்பே பதிவு செய்திருந்தார். அது மருத்துவக் கோப்பிலேயே தங்கிவிட்டது. அங்கே இனவெறியும் சேர்ந்திருந்ததால் அது தனி ஆய்வுக்கு உரியது. 2006இல் வெளியான அதன் விசாரணை அறிக்கை 88 பரிந்துரைகளைச் செய்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்துச் சிறைகளில், எவரையும் இன்னொருவரோடு அடைக்குமுன் ஆபத்தை மதிப்பிட்டு எழுதும் நடைமுறை வந்தது. சிறை மருத்துவப் பணியும் 2006 ஏப்ரலுக்குள் தேசியச் சுகாதாரச் சேவையின் பொறுப்புக்கு மாறியது. பின்னதில் ஒரு முரண் இருக்கிறது. மருத்துவத் தரத்துக்கு அது நல்லது. ஆனால் முன்பு ஒரே துறையின் இரண்டு பிரிவுகளுக்கு இடையே இருந்த கோடு, இப்போது இரண்டு துறைகளுக்கு இடையிலான எல்லையாகிவிட்டது. எழுதி ஒப்படைக்கும் பழக்கம் முன்னைவிடக் கண்டிப்பாக இருந்தாக வேண்டும்.

பின்னர் நடந்தவை

இரண்டாமவர் 1995 ஏப்ரலில், மனநிலை பாதிப்பால் பொறுப்பு குறைந்த நிலையில் செய்த, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். உயர் பாதுகாப்பு கொண்ட ராம்ப்டன் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டார். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதால் சாட்சிகளை முழுமையாக விசாரிக்கத் தேவை எழவில்லை. அதே காரணத்தால் மரண விசாரணையும் தொடராமல் முடித்துவைக்கப்பட்டது. எப்படிச் செத்தார் என்பது தெளிவாகிவிட்டதால், ஏன் அந்த அறையில் இருந்தார் என்ற கேள்வியைக் கேட்க ஒரு மன்றம் இல்லாமல் போனது.

சிறைத்துறை, எசெக்ஸ் மாவட்ட மன்றம், வட எசெக்ஸ் சுகாதார ஆணையம் ஆகிய மூன்றும் சேர்ந்து, வழக்குரைஞர் கீரன் கூனன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தன. அது 56 நாள் அமர்ந்தது, ஏறத்தாழ 150 சாட்சிகளை விசாரித்தது, 1998 ஜூனில் அறிக்கை தந்தது. இருவரும் சிறையிலேயே இருந்திருக்கக் கூடாது, ஓர் அறையில் சேர்ந்து இருந்திருக்கவே கூடாது என்பது அதன் முடிவு. உழைப்பில் குறைவில்லாத குழு. ஆனால் அமர்வுகள் மூடிய கதவுகளுக்குள் நடந்தன. பெற்றோர் தாங்கள் சாட்சி சொன்ன நாட்களில் மட்டுமே உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். தவறியவை எவை என்று ஆராயப்பட்ட துறைகளே குழுவை அமைத்தன என்பதும் எனக்கு உறுத்துகிறது.

ஸ்ட்ராஸ்பூர் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் மூன்று மீறல்களைக் கண்டது. மருத்துவர்கள், காவல்துறை, அரசுத் தரப்பு, நடுவர் மன்றம் ஆகியோர் இரண்டாமவரைப் பற்றிய தகவலைச் சிறைக்குத் தராததும், சிறைவாசலில் நடந்த பரிசோதனை போதாததும் சேர்ந்து, உயிரைக் காக்கும் கடமையை அரசு மீறியதாக ஆக்கின. முறையான விசாரணை நடக்காதது இரண்டாவது. பெற்றோருக்கு உள்நாட்டில் தக்க பரிகாரம் இல்லாதது மூன்றாவது.

இரண்டாவது மீறலுக்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று, சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லாதது. சிறைக் காவலர்கள் இருவர் வர மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், கிறிஸ்டோபரின் மரணம் தெரியவருவதற்குச் சற்று முன்பு அந்த அறையைக் கடந்து நடந்து போனவர். அவர் அப்போது எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்பது 56 நாள் அமர்ந்த அந்தக் குழுவின் பதிவில் அவர் வாய்மொழியாக இடம்பெறவில்லை.